சேவலிடம் தெரியாதது குஞ்சில் தெரியும்: இறகு நிறம் பற்றிய கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நோயைவிட நிறம் பற்றிய கேள்விகளே அதிகம். எனக்கு மகிழ்ச்சிதான். கோழிக்குச் சளி பிடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன்; நிறம் என்றால் நிறுத்தாமல் பேசுவேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பெயர்களை விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: சாம்பல் கலந்த நீல நிறத்தில் ஒரு சேவலும் இரண்டு பெட்டைகளும் வாங்கினேன். தூய இனம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பொரித்த குஞ்சுகளில் ஏறக்குறைய பாதிதான் நீலம். மீதியில் சில கருப்பு. சில அழுக்கு வெள்ளையில் நீலத் தெறிப்பு. ஏமாந்துவிட்டேனா அம்மா?

இல்லை. விற்றவரைத் திட்டிக் கடிதம் எழுதியிருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். இனத்தில் அவை தூயவையாகவே இருக்கலாம். நிறத்தில் மட்டும், நீலமாக இருக்கும் எந்தக் கோழியும் தூயதாக இருக்க முடியாது.

இந்த நீலம் தனியொரு சாயம் அல்ல. கருப்பை நீர்த்துப்போகச் செய்யும் ஒரு மரபணுவின் வேலை. ஒவ்வொரு பறவையிடமும் இந்த மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு, தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. நீர்க்கச் செய்யும் பிரதி ஒன்று இருந்தால் கருப்பு நீலமாகிறது. இரண்டும் அதுவாகவே இருந்தால் மேலும் வெளுத்து, அங்கங்கே நீலமும் கருப்பும் தெறித்த வெள்ளையாகிறது. வளர்ப்பவர்கள் இதை ஸ்ப்ளாஷ் என்பார்கள். ஒரு பிரதியும் இல்லாவிட்டால் முழுக் கருப்பு. பள்ளிப் பாடத்தில் முழுமையற்ற ஓங்குதன்மை என்று படித்தீர்களே, அது இதுதான். ஆண்டலூசியன் கோழி வளர்த்த ஐரோப்பியர்கள் கருப்பையும் தெறிப்பையும் தலைமுறை தலைமுறையாகக் களைந்துகொண்டே இருந்தார்கள். அவை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெண்டலின் விதிகளைக் கோழிகளிடம் சோதித்த வில்லியம் பேட்சன், புன்னட் போன்றவர்கள் வந்த பிறகுதான், அது களையெடுத்துத் தீர்கிற விஷயம் அல்ல என்று புரிந்தது.

நீலத்தோடு நீலம் சேர்த்தால் கால் பங்கு கருப்பு, பாதி நீலம், கால் பங்கு தெறிப்பு. நீலத்தோடு கருப்பு என்றால் பாதி நீலம், பாதி கருப்பு, தெறிப்பே வராது. நீலத்தோடு தெறிப்பு என்றால் பாதி நீலம், பாதி தெறிப்பு. கருப்போடு தெறிப்பைச் சேர்த்தால் ஒன்றுவிடாமல் அத்தனையும் நீலம். ஆகவே நீங்கள் கழித்துவிட நினைக்கும் அந்த அழுக்கு வெள்ளைக் குஞ்சில் நல்ல சேவல் ஒன்று வளர்ந்து வந்தால், அதைக் கருப்புப் பெட்டைகளோடு விடுங்கள். கூண்டு நிறைய நீலம் கிடைக்கும்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளும் புத்தகங்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல நீலக் கோழியின் அழகு, ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் ஓடும் அடர்ந்த கோட்டில் இருக்கிறது. அந்தக் கோடு கருப்பில் மறைந்துவிடும், தெறிப்பில் கலைந்துவிடும். கருப்பையும் தெறிப்பையும் மட்டுமே பெற்றோராக வைத்துக்கொண்டிருந்தால், எந்தப் பறவை நல்ல ஓரக்கோட்டைக் கொடுக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. நான் செய்வது: கோடு தெளிவாக உள்ள நீலப் பெட்டைகளுக்குப் பச்சை மினுமினுப்புள்ள கருப்புச் சேவல். பாதிக் குஞ்சுகள் கருப்பாக வரும், வரட்டும். நீலத்தையே நீலத்தோடு பல தலைமுறை சேர்த்துக்கொண்டு போனால் நிறம் வெளிறிக்கொண்டே போவதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். கருப்பு அதைத் தூக்கி நிறுத்துகிறது.

இன்னொன்று. இந்த மரபணு கருப்பு நிறமியைத்தான் தொடும். சிவப்பை அவ்வளவாகத் தொடாது. உங்கள் நீலச் சேவலின் கழுத்தில் செம்பொன் இழைகள் தெரிந்தால் அதற்கு நீலம் பொறுப்பல்ல. அடியில் இருக்கும் கருப்பு முழுமையான கருப்பு அல்ல என்று பொருள்.

பன்னிரண்டு குஞ்சு பொரித்தால் மூன்று, ஆறு, மூன்று என்று கணக்குப் பார்த்து மனம் கலங்க வேண்டாம். ஒவ்வொரு முட்டையும் புதிதாக உருட்டிய தாயம்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். கருப்புக் கோழியையும் வரிக்கோழியையும் கலந்தால் பொரித்த அன்றே ஆண், பெண் தெரியும் என்று படித்தேன். பிளைமவுத் ராக் வரிச்சேவலைக் கருப்புப் பெட்டைகளோடு விட்டேன். எல்லாக் குஞ்சுகளின் தலையிலும் வெள்ளைப் பொட்டு! எங்கே தவறு?

திசையில், தம்பி. சேவல் கருப்பாகவும் பெட்டை வரியாகவும் இருக்க வேண்டும். நீ தலைகீழாக விட்டிருக்கிறாய்.

மனிதரில் ஆணிடம்தான் எக்ஸ், ஒய் என்று இரு வேறு பால் குரோமோசோம்கள். பறவைகளில் பெண்ணிடம். சேவலுக்கு இரண்டு இசட். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. வரியைக் கொடுக்கும் மரபணு இசட்டில் இருக்கிறது. பெட்டை தன் ஒரே இசட்டை மகன்களுக்குத்தான் கொடுக்கும். மகள்களுக்கு அதனிடமிருந்து போவது டபிள்யூ. ஆகவே வரிப்பெட்டையின் மகன்கள் அத்தனை பேருக்கும் வரி. மகள்களுக்குக் கருப்புத் தந்தையிடமிருந்து வந்த வெறும் இசட், ஆகவே வரி இல்லை. பொரித்த அன்று இந்த வரி தலையில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். பொட்டு இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பெட்டை. உன் கூண்டில் தந்தையிடமே வரி இரண்டு பிரதி இருந்ததால் மகன், மகள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று போய்விட்டது.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது இந்த விஷயத்தில் கோழிக் கூண்டுக்குள் செல்லாது. இசட்டில் இருக்கும் நிறங்களில் மகள், தந்தை கொடுத்ததைத்தான் காட்டுவாள். பெட்டைகளின் நிறத்தைத் திருத்த விரும்புகிறவர் சேவலைத்தான் மாற்ற வேண்டும். அழகான பெட்டையைத் தேடிப்பிடித்து வாங்கி, அவளுடைய மகள்களில் அந்த நிறம் வரவில்லையே என்று எழுதுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

வரிச்சேவல் எப்போதும் வரிப்பெட்டையைவிட வெளுப்பாகத் தெரிவதும் இதனால்தான். தூய சேவலிடம் வரி இரண்டு பிரதி, பெட்டையிடம் ஒன்றுக்கு மேல் இருக்கவே முடியாது. இரண்டையும் ஒரே அடர்த்திக்குக் கொண்டுவர முயல்வது வீண் வேலை.

வெள்ளி, பொன் என்று வளர்ப்பவர்கள் சொல்லும் ஜோடியும் இசட்டில்தான் இருக்கிறது. பொன் வகைச் சேவலை, ரோட் ஐலண்ட் ரெட் போல ஒன்றை, வெள்ளி வகைப் பெட்டையோடு விட்டால் சேவல் குஞ்சுகள் வெளிர் மஞ்சள், பெட்டைக் குஞ்சுகள் பழுப்பு. முதல் உலகப் போர்க் காலத்தில் தீவனம் தட்டுப்பாடாக இருந்தபோது, முட்டையிடாத சேவல் குஞ்சுகளை முதல் நாளே பிரித்துவிட இந்த வழியைப் பயன்படுத்தலாம் என்று சொன்னவர் மேலே சொன்ன அதே புன்னட். உன் பாடப் புத்தகத்தில் வரும் புன்னட் கட்டமும் அவருடையதுதான். ஒரு எச்சரிக்கை: இந்தக் கலப்பு ஒரு தலைமுறைக்குத்தான். பொரித்த அந்தக் குஞ்சுகளை வளர்த்து ஒன்றோடொன்று சேர்த்தால் நிறத்தைப் பார்த்து ஆண், பெண் சொல்ல முடியாது.

கேள்வி: வெள்ளைச் சேவல், வெள்ளைப் பெட்டை. குஞ்சுகளில் கருப்பு, சிவப்பு எல்லாம் வருகின்றன. வேறு சேவல் உள்ளே வரவே வழியில்லை. இது எப்படி?

வெள்ளை என்பது ஒரு நிறம் அல்ல, பல நிறங்களுக்கு மேல் போர்த்திய போர்வை. போர்வையிலும் இரண்டு வகை. லெகார்னிடம் இருப்பது ஓங்கு வெள்ளை. ஒரு பிரதியே கருப்பை மறைத்துவிடும். வயாண்டாட், சில்கி போன்றவற்றின் வெள்ளை ஒடுங்கு வகை. இரண்டு பிரதி சேர்ந்தால்தான் வெள்ளை.

உங்கள் இரண்டு பறவைகளிடமும் ஓங்கு வெள்ளை ஒவ்வொரு பிரதிதான் இருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் நான்கில் ஒரு குஞ்சு நிறத்தோடு வருவது இயல்பு. உங்கள் வெள்ளைச் சேவல், பெட்டையின் உடலில் அங்கங்கே சிறிய கருப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா, பாருங்கள். ஒரு பிரதி மட்டும் உள்ள வெள்ளை அப்படித்தான் கசியும். இன்னொரு வாய்ப்பும் உண்டு: லெகார்ன் வகை வெள்ளையையும் ஒடுங்கு வெள்ளையையும் யாரோ கலந்து, அந்தக் கலப்பின் பிள்ளைகள் உங்களிடம் வந்திருக்கலாம். அந்த முதல் தலைமுறை முழுக்க வெள்ளையாக இருக்கும். அவற்றைத் தங்களுக்குள் சேர்த்தால் பதினாறுக்குப் பதின்மூன்று வெள்ளை, மூன்று நிறம் என்ற விகிதத்தில் குஞ்சுகள் வரும்.

தெரிந்துகொள்ள வழி எளிது. வெள்ளைச் சேவலை முழுக் கருப்பான, வெள்ளைக் கலப்பில்லாத பெட்டைகளோடு விடுங்கள். எல்லாக் குஞ்சும் வெள்ளை என்றால் ஓங்கு வெள்ளை இரண்டு பிரதி. பாதி வெள்ளை என்றால் ஒரு பிரதி. ஒன்றுகூட வெள்ளையாக இல்லை என்றால் ஒடுங்கு வெள்ளை.

கேள்வி: நிறம் அடர்த்தியாக வர என்ன தீவனம் கொடுக்கலாம்? மஞ்சள் தூள், சாமந்திப்பூ எல்லாம் கொடுக்கலாம் என்கிறார்களே?

சாமந்தியில் இருக்கும் நிறமி முட்டைக் கருவுக்கும் கால் தோலுக்கும் போகும். இறகுக்குப் போகாது. கோழி இறகின் கருப்பும் சிவப்பும் மெலனின் வகைகள். அவற்றைப் பறவை தானே தயாரித்துக்கொள்கிறது. குறைபாடு இருந்தால்தான் கெடும்: லைசின், இரும்பு, செம்பு, ஃபோலிக் அமிலம் போதாமல் போனால் நிறமுள்ள இறகுகள் வெளுத்து முளைக்கலாம். சமச்சீர் தீவனம் கொடுப்பவருக்கு இந்தக் கவலை வேண்டாம். வெயிலில் கருப்பு செம்பட்டையாவது வேறு. அடுத்த இறகுதிர்வுக்குப் பின் சரியாகிவிடும்.

கேள்வி: லாவெண்டர் நிறக் கோழிகளின் வால் இறகுகள் கிழிந்த துணி போல இருக்கின்றன. பேன் மருந்து போட்டும் பயனில்லை.

பேன் இல்லை, மருந்தை நிறுத்துங்கள். லாவெண்டரோடு சேர்ந்து வரும் குறை இது. சில வழித்தோன்றல்களில் வாலும் இறக்கையும் இப்படி நைந்து போகும்.

லாவெண்டரை முதல் கேள்வியில் பார்த்த நீலத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஒடுங்கு பண்பு. லாவெண்டரோடு லாவெண்டர் சேர்த்தால் எல்லாமே லாவெண்டர்தான். அந்த வசதியில் மயங்கித்தான் பலரும் வருடக்கணக்கில் அதையே அதோடு சேர்த்துக்கொண்டு போகிறார்கள், இறகும் நைந்துகொண்டே போகிறது. அகன்ற, உறுதியான இறகுள்ள கருப்புச் சேவல் ஒன்றைப் பிடியுங்கள். முதல் தலைமுறை முழுக்கக் கருப்பாக வரும். முகம் சுளிக்க வேண்டாம். அத்தனையும் லாவெண்டரை உள்ளே சுமந்துகொண்டிருக்கும். அவற்றில் இறகு நன்றாக உள்ளவற்றைத் தேர்ந்து மீண்டும் லாவெண்டரோடு விட்டால் பாதி லாவெண்டர் கிடைக்கும். வாலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், நிறத்தை அல்ல. நிறம் எப்படியும் வரும்.

எங்கிருந்தோ வந்த கருப்புக் கோழி லாவெண்டரைச் சுமக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் அதை லாவெண்டர் ஜோடியோடு விட்டுக் குஞ்சுகளை எண்ணுங்கள். ஒரு லாவெண்டர் குஞ்சு வந்தாலே போதும், சுமக்கிறது. சுமக்கும் கோழிக்கு ஏழு குஞ்சுகளும் தொடர்ந்து கருப்பாகவே வர 128இல் ஒரு வாய்ப்புத்தான். ஏழும் கருப்பு என்றால் நான் அந்தக் கோழியைச் சுமக்காதது என்றே கணக்கில் எழுதிக்கொள்வேன். நீலத்தையும் லாவெண்டரையும் ஒரே கூண்டில் விடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பிறகு எந்தச் சாம்பல் எதனால் வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கு எழுதினால் எனக்கும் தெரியாது.

கேள்வி: சிவப்புச் சேவலை எடுத்துவிட்டுக் கருப்புச் சேவலை விட்டிருக்கிறேன். எப்போதிலிருந்து முட்டை அடைக்கு வைக்கலாம்? பழைய சேவலின் நிறம் இந்தப் பெட்டைகளிடம் நிரந்தரமாகத் தங்கிவிடும் என்கிறார்களே?

தங்காது. பெட்டையின் உடலில் விந்தணுக்கள் இரண்டு, மூன்று வாரம் உயிரோடு சேமிக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். நான்கு வாரம் கழித்து எடுக்கும் முட்டைகளை வையுங்கள். அதற்குப் பிறகும் சிவப்புக் குஞ்சு வந்தால் பழைய சேவலைக் குற்றம் சொல்லாதீர்கள், வேலியைப் பாருங்கள்.

கேள்வி: வயதான பழுப்புப் பெட்டை ஒன்று இறகுதிர்ந்த பிறகு சேவல் போல நீண்ட கழுத்து இறகும் அரிவாள் வாலுமாக முளைத்து நிற்கிறது. கூவவும் செய்கிறது. கெட்ட சகுனம் என்று வெட்டச் சொல்கிறார்கள்.

சகுனம் எல்லாம் இல்லை. பெட்டையிடம் இடப்பக்கச் சூலகம் ஒன்றுதான் வேலை செய்கிறது. கட்டியாலோ நோயாலோ அது கெட்டால் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடும். பெட்டைக்குரிய அடக்கமான இறகைக் கொடுப்பது அந்த ஹார்மோன்தான். அது இல்லாவிட்டால் அதே தோலில் சேவலின் அலங்காரம் முளைக்கும். விதைநீக்கம் செய்த சேவல் தன் பளபளப்பான இறகை இழக்காமல் இருப்பதும் இதனால்தான். உங்கள் பெட்டை மரபணுவில் பெட்டையேதான். முட்டை எதிர்பார்க்காதீர்கள். அதற்கு வலியோ சோர்வோ இல்லை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு பயனும் உண்டு: அந்த மரபில் பிறக்கும் சேவல்களின் அலங்காரம் எப்படி இருக்கும் என்பதை ஒரு பெட்டையின் உடலில் பார்க்கும் வாய்ப்பு லேசில் கிடைக்காது. படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: நான் விரும்பிய பொன்னிறம் ஒரே ஜோடியில்தான் அமைந்தது. அதன் பிள்ளைகளையே அண்ணன் தங்கையாகச் சேர்த்து வருகிறேன். நிறம் அருமையாக நிலைத்துவிட்டது. ஆனால் முட்டைகள் முன்போலப் பொரிப்பதில்லை. இனவிருத்திக்குப் பறவைகளைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் எதை முதலில் பார்ப்பீர்கள், எதைக் கடைசியில்?

நிறம் நிலைத்ததும் பொரிப்பு குறைந்ததும் ஒரே காரியத்தின் இரண்டு விளைவுகள். அண்ணன் தங்கையைச் சேர்த்தால் பிள்ளையின் உள்ளினக் கலப்பு அளவு, அதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு, 25 சதவீதம். உறவில்லாத தாய்க்குப் பிறந்த மகளைத் தந்தையோடு சேர்த்தாலும் அதே 25. தாய் வேறு, தந்தை ஒன்று என்ற அரை உடன்பிறப்புகள் என்றால் 12.5. நல்ல பிரதிகள் இரட்டிப்பதைப் போலவே கெட்ட பிரதிகளும் இரட்டிக்கும். பொரிக்காத முட்டை, மெதுவாக வளரும் குஞ்சு, கருவூட்டாத சேவல் என்று அவை வெளிவரும்.

பொன்னிறத்தை இப்போதே கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். நிறத்தில் சுமாராக இருந்தாலும் உடல்கட்டில் சிறந்த, உறவில்லாத சேவல் ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவாருங்கள். முதல் தலைமுறையில் நிறம் கலங்கும். அடுத்த இரண்டு தலைமுறைக்குள் பெரும்பகுதியை மீட்டுவிடலாம்.

பிறகு மூன்று கூண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மகள்கள் பிறந்த கூண்டிலேயே இருக்கட்டும். மகன்கள் ஆண்டுதோறும் அடுத்த கூண்டுக்குப் போகட்டும். முதல் கூண்டின் மகன் இரண்டாவதற்கு, இரண்டாவதின் மகன் மூன்றாவதற்கு, மூன்றாவதின் மகன் முதலாவதற்கு. நம் கல்யாண வழக்கத்துக்கு நேர்மாறு, மாப்பிள்ளைதான் புகுந்த வீடு போகிறார். வெளியிலிருந்து புதுச் சேவல் வாங்காமலே இப்படிப் பல ஆண்டுகள் ஓட்டலாம்.

தேர்வில் என் வரிசையையும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் உயிர்ப்பு: நோய்ப்படாமல் வளர்ந்ததா, அதன் தாயின் முட்டைகள் நன்றாகப் பொரித்தனவா. பிறகு கால், மார்பெலும்பு, அலகு. அதற்குப் பிறகு இறகின் தரம். நிறம் கடைசியில். காலில் வளையம் போட்டு, எந்தப் பெட்டையின் முட்டை என்று எழுதி வைக்காதவர் இவை எதையும் செய்ய முடியாது. ஒரு நோட்டும் பென்சிலும் இல்லாமல் விலை உயர்ந்த சேவல் வாங்குகிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கேள்வி: முழுக் கருப்பு ஜோடிக்குப் பிறந்த குஞ்சுகளின் வயிறு வெளிர் மஞ்சள், இறக்கை நுனியும் வெள்ளை. கழித்துவிடலாமா?

கூடாது. கருப்பு இனங்களின் குஞ்சுகள் பெரும்பாலும் இப்படித்தான் பொரியும். முதல் இறகுகளில் இறக்கை நுனி வெள்ளையாக இருப்பதும் வழக்கம். அடுத்தடுத்த உதிர்வுகளில் கருப்பு வந்துவிடும். நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் பெரிய கோழியின் இறகு வந்த பிறகும் வெள்ளை இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்றுக்கு. சேவல் குஞ்சுகளின் கழுத்திலும் முதுகின் பின்பகுதியிலும் சிவப்பு இழை வெளிப்படுவது அந்த வயதை நெருங்கும்போதுதான். இரண்டு மாதத்தில் மிக அழகான கருப்பாக இருந்த குஞ்சு ஐந்தாவது மாதத்தில் செங்கழுத்தோடு நிற்கலாம். அதனால் இனவிருத்திக்கான சேவலை அதற்கு முன் முடிவு செய்யாதீர்கள். மற்றவருக்குக் கொடுப்பதாக இருந்தாலும் அதுவரை முன்பணம் வாங்காதீர்கள்.